பொத்தானை அழுத்திய பின்பும் விண்டோஸ் தோன்றும் முன்பும்: கணினி வினா – விடை

கடந்த இரண்டு மாதங்களில் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, அச்சுப்பொறி, இணையம், தமிழ் எழுத்துரு என்ற வழக்கமான கட்டுகளைவிடப் பெரிதாக இன்னொரு கட்டுச் சேர்ந்திருந்தது. கணினியைப் போட்டதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்து நிற்கிறது, விண்டோஸ் வரமறுக்கிறது, கடையில் ‘பயோஸ் பழுதாகிவிட்டது’ என்கிறார்கள் என்ற வகையைச் சேர்ந்த கடிதங்கள் அவை. எனவே இம்முறை அந்தக் கட்டுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன். பொத்தானை அழுத்தியதும் விண்டோஸுக்கு முன்பே இயங்கும், தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிரல் பாடநூலில் ‘நிலைபொருள்’ என்று வரும், கடையில் ‘பயோஸ்’ எனப்படும்; இரண்டையும் ஒரே பொருளில் வழங்குகிறேன். பழைய பயோஸையும் அதன் இடத்துக்கு வந்த இன்றைய யூஇஎப்ஐயையும் பிரித்துக் காட்டவேண்டிய இடத்தில் மட்டும் பிரித்துச் சொல்கிறேன்.

நான் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறேன். ‘பயோஸ் வன்பொருளைச் சோதித்து, பணிசெயல் முறைமையை நினைவகத்தில் ஏற்றும்’ என்று குறிப்பெடுத்திருக்கிறேன். ஆனால் அப்படி ஏற்றுவதற்கு நினைவகம் முதலிலேயே வேலை செய்துகொண்டிருக்க வேண்டாமா? அதை எது தொடக்கிவைக்கிறது? – மாணவி, கொக்குவில்

அந்த ஒரு வரிக் குறிப்பு விழுங்கிவிட்ட பகுதியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். பொத்தானை அழுத்தியதும் மின்வழங்கி தன் மின்னழுத்தங்கள் நிலைபெற்றுவிட்டன என்ற சைகையைத் தாய்ப்பலகைக்கு அனுப்புகிறது. அதன் பின்னரே முறைவழியாக்கி (சிபியூ) விடுவிக்கப்படுகிறது. அது தன் முதல் கட்டளையை எங்கே தேடவேண்டும் என்பது தயாரிக்கப்படும்போதே நிச்சயிக்கப்பட்ட ஒன்று: நான்கு கிகாபைற்று எல்லைக்குச் சரியாகப் பதினாறு பைற்று கீழே உள்ள முகவரி. அந்த முகவரியில் இருப்பது நீங்கள் கடையில் வாங்கிச் செருகும் நினைவகமான ராம் அன்று. தாய்ப்பலகையில் ஒட்டப்பட்டிருக்கும், சுண்டுவிரல் நகத்தளவே வரும் ஒரு பிளாஷ் சில்லு. இன்றைய பலகைகளில் அதன் கொள்ளளவு பெரும்பாலும் 16 அல்லது 32 மெகாபைற்று. எல்லைக்கு முன்னால் எஞ்சியிருப்பது பதினாறு பைற்று இடம் மட்டுமே ஆகையால், அங்கே எழுதப்பட்டிருப்பது ‘உண்மையான நிரல் இன்ன இடத்தில் இருக்கிறது, அங்கே போ’ என்ற தாவல் கட்டளைதான்.

இந்தக் கணத்தில் ராம் பலகையில் செருகப்பட்டிருக்கிறதே தவிர, பயன்படுத்தத் தக்கதாக இல்லை. அது எந்த வேகத்தில் இயங்கும், எத்தனை கிகாபைற்று, எவ்வளவு நேரத் தாமதத்துடன் பதில் தரும் என்ற விவரங்கள் ராம் தட்டிலேயே பொருத்தப்பட்ட ஒரு சிறு சில்லில் எழுதப்பட்டிருக்கும். நிலைபொருள் அதை முதலில் வாசிக்கவேண்டும். வாசிக்கின்ற நிரலுக்கே ஒரு கணக்கை எழுதிவைக்க இடம் வேண்டும் அல்லவா? அதற்கு முறைவழியாக்கியின் உள்ளே இருக்கும் பதுக்கு நினைவகத்தைத் தற்காலிக ராமாக வைத்துக்கொள்கிறது. வீடு கட்டும் மேசன், வீடு எழும்பும்வரை ஓலைக்கொட்டிலில் இருந்து வேலை செய்வதுபோன்ற ஏற்பாடு இது. அங்கிருந்தபடி ராமுக்குச் செல்லும் ஒவ்வொரு தடத்திலும் சைகை எப்போது வந்துசேர்கிறது என்று பலமுறை எழுதியும் வாசித்தும் அளந்து, பொருந்தும் நேரங்களைத் தெரிவு செய்த பின்னரே ராம் உயிர்பெறுகிறது. டிடிஆர்5 ராம் பூட்டிய புதிய கணினியை முதன்முறை போடும்போது இந்த அளவெடுப்புச் சில நிமிடங்கள்கூடப் பிடிக்கலாம். திரை கறுப்பாக இருப்பதைக் கண்டு பதறி ஆளியை நிறுத்திவிட்டால், அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கும்.

ராம் வந்த பின்னர் திரை, சாவிப்பலகை, வட்டுகள் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்படுகின்றன. திரை இயங்கும் முன்னரே ஏதேனும் பழுது தெரிந்தால் அதைச் சொல்ல வேறு வழி இல்லாததால்தான் ஒலிக்குறிகள் ஏற்பட்டன. குறிகளின் பொருள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடும். எனவே ‘மூன்று முறை ஒலித்தால் ராம்’ என்பதுபோன்ற பொதுவிதிகளை மனப்பாடம் செய்வதைவிடப் பலகையின் கையேட்டைப் பார்ப்பது நல்லது.

கடைசிப் படி ஒப்படைப்பு. பழைய பயோஸ், வட்டின் முதல் 512 பைற்றை மட்டும் எடுத்து நினைவகத்தில் வைத்து, அதன் கடைசி இரண்டு பைற்றும் உரிய அடையாளத்தைக் கொண்டிருந்தால் அதனிடம் ஆட்சியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். அந்த 512 இல் நிரலுக்குக் கிடைப்பது 446 பைற்றுத்தான். மீதி, வட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணைக்கும் அந்த அடையாளத்துக்கும் செலவாகிறது. யூஇஎப்ஐயோ வட்டில் எப்ஏடி என்ற கோப்பு முறையில் அமைந்த ஒரு சிறு பிரிவைத் திறந்து, அதிலுள்ள கோப்பை, நாம் ஒரு செயலியைத் திறப்பதுபோலவே, பெயர் சொல்லி எடுத்து இயக்குகிறது. எந்தக் கோப்பை முதலில் இயக்குவது என்ற வரிசை தாய்ப்பலகையிலேயே பதிவாகியிருக்கும்.

பரீட்சைக்கு வேண்டாவிட்டாலும் வரலாற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயோஸ் என்ற பெயரை 1970களில் சிபி/எம் என்ற பணிசெயல் முறைமைக்காக வழங்கியவர் அதை உருவாக்கிய கேரி கில்டால். 1981 இல் வந்த ஐபிஎம் தனியாள் கணினியின் பயோஸ் 8 கிலோபைற்றுக்குள் அடங்கிவிட்டது. ஐபிஎம் அதன் நிரல்வரிகளைத் தன் தொழினுட்பக் கையேட்டில் அச்சிட்டே வெளியிட்டது. அதனால் பதிப்புரிமைச் சிக்கலைத் தவிர்க்க விரும்பிய கொம்பாக் நிறுவனம், அந்த வரிகளைக் கண்ணாலும் பாராத பொறியியலாளர்களைக் கொண்டு, செயற்பாட்டு விவரத்தை மட்டும் கொடுத்து, புதிதாக ஒன்றை எழுதுவித்தது. எல்லா நிறுவனமும் ஒத்தியங்கும் கணினிகளைச் செய்யும் நிலை அங்கிருந்துதான் பிறந்தது. யூஇஎப்ஐயின் வேர், இன்டெல் தன் இட்டேனியம் முறைவழியாக்கிக்காக 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய வேலையில் இருக்கிறது; 2005 இல் பல நிறுவனங்கள் சேர்ந்த மன்றம் அதைப் பொறுப்பேற்றது.

எமது அச்சகத்தில் 2010 இல் வாங்கிய மேசைக்கணினி இருக்கிறது. காலையில் போட்டால் ‘சீமொஸ் செக்சம் எரர்’ என்று எழுதி எப்1 சாவியை அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால் விண்டோஸ் வருகிறது. ஆனால் திகதி 2009 ஆம் ஆண்டுக்குப் போய்விடுகிறது, மின்னஞ்சல் பக்கமும் ‘பாதுகாப்பற்றது’ என்று திறக்க மறுக்கிறது. தாய்ப்பலகையை மாற்றவேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். – அச்சக உரிமையாளர், சாவகச்சேரி

தாய்ப்பலகையை மாற்றவேண்டாம், ஐயா. முதலில் அதிலுள்ள பற்றரியை மாற்றிப் பாருங்கள். நீங்கள் எழுதியனுப்பிய வாசகம், ‘சீமொஸ் செக்சம் எரர்’, அமைப்புகளைச் சேமித்த சிறு நினைவகத்தில் இப்போது இருக்கும் எண்களின் கூட்டுத்தொகை முன்பு எழுதிவைத்த கூட்டுத்தொகையுடன் ஒத்துவரவில்லை என்பதையே சொல்கிறது. அதாவது இரவில் அந்த நினைவகம் மின்சாரம் இழந்து வெறுமையாகிவிட்டது.

முதலாவது ஐபிஎம் தனியாள் கணினியில் மணிக்கூடே இருக்கவில்லை. ஒவ்வொரு முறை போடும்போதும் திகதியையும் நேரத்தையும் கேட்கும், நாம் தட்டவேண்டும். 1984 இல் வந்த ஏடி வகைக் கணினியில்தான் பற்றரியால் இயங்கும் மணிக்கூட்டுச் சில்லு வந்தது. அதில் 64 பைற்று நினைவகம் இருந்தது. 14 பைற்று மணிக்கூட்டுக்கு, மீதி 50 பைற்று கணினியின் அமைப்புகளுக்கு. உங்கள் அச்சகக் கணினியிலும் அந்த ஏற்பாட்டின் வழித்தோன்றல்தான் உள்ளது. பற்றரி ஓய்ந்ததும் மணிக்கூடு நிலைபொருள் எழுதப்பட்ட காலத்துத் திகதிக்குத் திரும்புகிறது. இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் ‘இந்த நாள் முதல் இந்த நாள் வரை’ என்ற செல்லுபடிக் காலம் உண்டு; 2009 இல் இருந்து பார்க்கும் கணினிக்கு அச்சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை. மின்னஞ்சல் திறக்காததற்குக் காரணம் அதுவே.

மின்னிணைப்பைச் சுவரிலிருந்தே கழற்றிவிட்டு, தொடக்கப் பொத்தானை ஒருமுறை அழுத்தி எஞ்சிய மின்னைப் போக்கிவிடுங்கள். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுக்கொண்டு பக்க மூடியைத் திறந்தால், பலகையின் ஒரு பக்கத்தில் நாணயக் குற்றியை நினைவூட்டும் வெள்ளி நிற வில்லை தெரியும். அதன்மேல் 2032 என்று பொறித்திருக்கும்: 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. மின்னழுத்தம் மூன்று வோல்ற்று. ஒரு பக்கத்தில் உள்ள சிறு உலோக நாக்கை நகத்தால் வெளிப்புறமாகத் தள்ளினால் வில்லை தானாகவே மேலெழும்பும். திருகாணிமுனையால் நெம்பவேண்டாம், குழியின் அடித்தகடு வளைந்துவிடும். எழுத்துள்ள, கூட்டல் குறி இட்ட பக்கம் மேலே வரும்படி புதியதை வையுங்கள். கடற்காற்றுப் படும் இடங்களில் அந்தத் தகட்டில் பச்சையாகக் களிம்பு பிடித்திருப்பதைப் பல கணினிகளில் கண்டிருக்கிறேன்; அப்படியானால் பஞ்சில் சிறிது ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்து, உலரவிட்டு, அதன் பின்னர் பூட்டுங்கள்.

இனி ஒரு முக்கியமான சொல். பற்றரி ஓய்ந்தபோது திகதியுடன் சேர்ந்து மற்ற அமைப்புகளும் ஆலைநிலைக்குத் திரும்பியிருக்கும். அவற்றுள் வட்டு இயங்கும் முறையைக் குறிக்கும் ‘சாட்டா மோட்’ என்பதும் ஒன்று. விண்டோஸ் பதியப்பட்டபோது அது ‘ஏஎச்சிஐ’ ஆக இருந்து, இப்போது ‘ஐடிஈ’க்கு மாறியிருந்தால், விண்டோஸ் தன் வட்டைக் காணாமல் நீலத்திரையில் நிற்கும். இதைக் கண்டதும் ‘விண்டோஸ் போய்விட்டது, புதிதாக அடிக்கவேண்டும்’ என்று வட்டை வெறுமையாக்கிவிடுகிறவர்கள் உண்டு. உங்கள் அச்சகத்தின் பழைய அழைப்பிதழ் வடிவமைப்புகள் எல்லாம் அதில் இருக்கும் அல்லவா? பயோஸின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் (நுழையும் வழி அடுத்த பதிலில்) அந்த ஒரு சொல்லை மாற்றிச் சேமித்தாலே போதும்.

பற்றரி இங்கே ஏன் விரைவில் ஓய்கிறது என்று கேட்பீர்கள். கணினி நிறுத்தப்பட்டிருந்தாலும் சுவரில் மின்சாரம் இருக்கும்வரை மணிக்கூடு அந்த மின்சாரத்தையே எடுத்துக்கொள்ளும்; பற்றரி சும்மா இருக்கும். நாம் இரவில் சுவர் ஆளியையும் நிறுத்திவிட்டுத்தான் படுக்கப்போகிறோம், மின்தடை வேறு. அவ்வளவு நேரமும் மணிக்கூட்டைத் தாங்குவது அந்த வில்லைதான். இடி மின்னல் காலத்தில் ஆளியை நிறுத்துவதே சரி. ஒரு வில்லைக்காக அந்த வழக்கத்தை விடவேண்டாம்.

சுவிஸில் இருக்கும் என் அண்ணா தான் பாவித்த மடிக்கணினியை அனுப்பியிருக்கிறார். யூஎஸ்பியிலிருந்து விண்டோஸை ஆங்கிலத்தில் பதிய முயன்றேன். அமைப்புப் பக்கத்துக்குப் போக முடியவில்லை. ஒருமுறை போனபோது எல்லாம் ஜேர்மன் மொழியில் இருந்தது, சேமிக்கவும் முடியவில்லை. – வாசகி, மானிப்பாய்

நுழையும் சாவி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. டெல், ஏசர், ஏசூஸ் மடிக்கணினிகளில் எப்2. எச்பியில் எப்10, அல்லது முதலில் எஸ்கேப். லெனோவோவின் திங்பேட் வகையில் எப்1, மற்றவற்றில் எப்2. தனியாக வாங்கிப் பூட்டிய மேசைக்கணினிகளில் பெரும்பாலும் டிலீற். பொத்தானை அழுத்திய உடனேயே அந்தச் சாவியை மீண்டும் மீண்டும் தட்டிக்கொண்டிருங்கள். அதற்கும் பிடிபடாவிட்டால், விண்டோஸ் மூடும்போது முழுமையாக மூடாமல் பாதித்தூக்கத்தில் வைத்திருப்பது காரணமாகலாம்: ஷிப்ட் சாவியை அழுத்தியபடி ‘ரீஸ்ராட்’ கொடுத்து, ‘ட்ரபிள்சூட்’, ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ வழியாக ‘யூஇஎப்ஐ பேர்ம்வெயார் செற்றிங்ஸ்’ என்பதைத் தெரிவு செய்தால், கணினியே உங்களை அங்கே கொண்டுபோய் விடும்.

சேமிக்க முடியாததன் காரணம் சாவிப்பலகை. சுவிஸிலும் ஜேர்மனியிலும் விற்கும் சாவிப்பலகைகளில் வை என்ற எழுத்தும் இசட் என்ற எழுத்தும் இடம் மாறியிருக்கும். நிலைபொருள் பல கணினிகளில் அமெரிக்க வரிசையையே எதிர்பார்க்கும். ‘சேமிக்கவா, வை அல்லது என்’ என்று அது கேட்கும்போது நீங்கள் வை எழுத்துள்ள சாவியை அழுத்தினால் அதற்குக் கிடைப்பது இசட். எனவே இசட் எழுத்துள்ள சாவியை அழுத்திப் பாருங்கள். பிரான்சிலிருந்து வரும் கணினியில் இதே குழப்பம் ஏ, கியூ எழுத்துகளுக்கிடையே நேரும். கடவுச்சொல் இடும்போது இது பெரிய இக்கட்டு. மொழியை மாற்றும் இடம் பெரும்பாலும் முதலாம் பக்கத்திலேயே இருக்கும். ‘ஸ்ப்ராக’ என்பது ஜேர்மனில் மொழி.

யூஎஸ்பியிலிருந்து ஒருமுறை மட்டும் தொடக்குவதற்கு அமைப்புகள் எதையும் மாற்றத் தேவையில்லை. டெல், லெனோவோ கணினிகளில் எப்12, எச்பியில் எப்9, ஏசூஸில் எஸ்கேப் அழுத்தினால் எதிலிருந்து தொடக்குவது என்ற பட்டியல் வரும்; அதில் தெரிவு செய்யுங்கள். அண்ணாவின் வேலைத்தலத்திலிருந்து கழிக்கப்பட்ட கணினியாக இருந்து, உள்ளே நுழையக் கடவுச்சொல் கேட்டால், அதைக் கணினி கைமாறும் முன்னர் அந்த நிறுவனத்தின் கணினிப் பகுதியிடம் கேட்டு நீக்குவிப்பதே நேர்வழி. வில்லைப் பற்றரியைக் கழற்றினால் கடவுச்சொல் அழிந்துவிடும் என்பது பழைய மேசைக்கணினிகளுக்குப் பொருந்திய கதை; அலுவலக வகை மடிக்கணினிகளில் அது மின்சாரம் இல்லாமலும் அழியாத சில்லில் இருக்கிறது.

எமது பாடசாலைக் கணினியை விண்டோஸ் 11க்கு மாற்ற முயன்றபோது ‘செக்கியூர் பூட்’ இல்லை என்றது. பயோஸில் ‘லெகசி’ என்றிருந்ததை ‘யூஇஎப்ஐ’ ஆக்கினேன். இப்போது விண்டோஸ் 10உம் வரவில்லை. ‘தொடக்கத்தக்க வட்டு இல்லை’ என்கிறது. மாணவர்களின் செயற்றிட்டங்கள் உள்ளே இருக்கின்றன. – ஆசிரியர், பருத்தித்துறை

செயற்றிட்டங்கள் பத்திரமாகவே இருக்கின்றன, சேர். மாற்றியதை மறுபடி ‘லெகசி’ ஆக்கிச் சேமியுங்கள், விண்டோஸ் 10 வந்துவிடும். வந்ததும் அவற்றை வெளிவட்டு ஒன்றில் படியெடுத்துவிட்டுத் தொடர்ந்து படியுங்கள்.

நிகழ்ந்தது இதுதான். உங்கள் வட்டு பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதற்கேள்விக்குச் சொன்னபடி, அதன் தொடக்க நிரல் முதல் 512 பைற்றுக்குள் இருக்கிறது. யூஇஎப்ஐ முறைக்கு மாற்றியதும் நிலைபொருள் அந்த 512 பைற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை. எப்ஏடி பிரிவையும் அதனுள் கோப்பையும் தேடுகிறது. அப்படி ஒன்று இல்லாததால் ‘வட்டு இல்லை’ என்று சொல்லிவிட்டது. வீட்டை இடிக்காமல் வாசலை மட்டும் மறுபக்கம் மாற்றிவிட்ட கதை.

ஆகவே முதலில் வட்டை மாற்றி, பின்னர்தான் பயோஸை மாற்றவேண்டும். விண்டோஸ் 10இன் 2017 பதிப்பிலிருந்து ‘எம்பிஆர்2ஜிபிடி’ என்ற கருவி உடன்வருகிறது. அது கோப்புகளை அழிக்காமலே வட்டின் பிரிவு அட்டவணையை யூஇஎப்ஐக்கு ஏற்ற ஜிபிடி முறைக்கு மாற்றி, எப்ஏடி பிரிவையும் உண்டாக்கித் தரும். முதன்மைப் பிரிவுகள் மூன்றுக்கு மேல் இருந்தால் அது மறுக்கும். எனவே முதலில் ‘வலிடேட்’ என்ற தெரிவுடன் ஓட்டிச் சரிபார்க்கவேண்டும், அது சம்மதித்தால் ‘கொன்வேட்’ கொடுக்கவேண்டும். விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போதே ஓட்டுவதாயின் ‘அலவ்புல்ஓஎஸ்’ என்பதையும் சேர்க்கவேண்டும். வேலை முடிந்ததும் பயோஸில் யூஇஎப்ஐயைத் தெரிந்து, சிஎஸ்எம் என்ற பழைய முறை ஆதரவை நிறுத்தி, அதன் பின்னரே, நம்பத்தக்க தொடக்க நிரலை மட்டும் இயங்கவிடும் ‘செக்கியூர் பூட்’ஐத் திறவுங்கள். சிஎஸ்எம் திறந்திருக்கும்வரை பல பலகைகளில் ‘செக்கியூர் பூட்’ என்ற வரி மங்கலாகவே கிடக்கும். பழுது என்று எண்ணவேண்டாம். இப்போது எந்த முறையில் ஓடுகிறது என்பதை விண்டோஸின் ‘சிஸ்டம் இன்பர்மேஷன்’ பக்கத்தில் ‘பயோஸ் மோட்’ என்ற வரி காட்டும்.

விண்டோஸ் 11 கேட்கும் மற்றொன்று, இரகசியச் சாவிகளைப் பாதுகாக்கும் டிபிஎம் 2.0. இது தனிச் சில்லாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. இன்டெல் பலகைகளில் ‘பிடிடி’ என்றும் ஏஎம்டி பலகைகளில் ‘எப்டிபிஎம்’ என்றும் மூடிக் கிடப்பதைத் திறந்தால் போதும். ஆனால் செலவில் இறங்குவதற்கு முன்னர் முறைவழியாக்கியைப் பாருங்கள். இன்டெல் ஆயின் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அதற்குக் கீழ்ப்பட்ட கணினியை எந்தப் பயோஸ் அமைப்பாலும் தகுதிபெறச் செய்ய முடியாது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டதால், அத்தகைய பழைய கணினிகளில் லினக்ஸைப் பதிந்து மாணவருக்குக் கொடுப்பது என் தனிப்பட்ட பரிந்துரை.

வட்டு, விண்டோஸின் மறைகுறியாக்க வசதியான ‘பிட்லொக்கர்’ மூலம் பூட்டப்பட்டிருந்தால், பயோஸில் கைவைப்பதற்கு முன்னர் 48 இலக்க மீட்புச் சாவியை ஒரு கடதாசியில் எழுதிவையுங்கள். அந்தக் கடதாசியை அதே கணினிக்குள் படமாக வைத்துவிட்டு என்னிடம் வந்தவர்களும் இருக்கிறார்கள்.

ஒரே கணினியில் விண்டோஸும் உபுந்துவும் வைத்திருக்கிறேன். உபுந்துவைப் பாவித்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் நேரம் ஐந்தரை மணிநேரம் பின்னே நிற்கிறது. பற்றரியை மாற்றியும் பயனில்லை. – பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி

ஐந்தரை என்ற எண்ணே விடையைச் சொல்கிறது. பலகையிலுள்ள மணிக்கூட்டுக்கு நேரவலயம் தெரியாது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாக வைத்துக்கொள்கிறது; லினக்ஸ் (உபுந்து அதன் ஒரு வகை) உலகப் பொதுநேரமாக வைத்துக்கொள்கிறது. உபுந்து மணிக்கூட்டைத் தன் முறைப்படி திருத்திவிட்டுப் போனதும், விண்டோஸ் அதையே யாழ்ப்பாண நேரம் என்று நம்பிவிடுகிறது. உபுந்துவின் ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளையில் ‘செற்-லோக்கல்-ஆர்டிசி 1’ என்று கொடுத்தால் அதுவும் உள்ளூர் நேரத்துக்கு வந்துவிடும். இம்முறையைப் பலர் குறைகூறுவது, கோடையில் மணிக்கூட்டை முன்தள்ளும் நாடுகளில் இரு முறைமையும் தனித்தனியே ஒரு மணிநேரத்தைத் திருத்திக் குழப்பும் என்பதால். நமக்கு அந்தக் கவலை இல்லை. (1996 இல் இலங்கை நேரத்தை முன்தள்ளி, 2006 ஏப்ரிலில் மறுபடி ஐந்தரைக்குக் கொண்டுவந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, நேரவலயம் என்பது எவ்வளவு மனித ஏற்பாடு என்று சொல்லத் தேவையில்லை.)

தனியார் கல்வி நிலையத்தில் கண்காணிப்புக் கமராக்களைப் பதிவுசெய்யும் கணினி, மின்தடைக்குப் பின் தானாக இயங்கும்படி செய்ய முடியுமா? – நிருவாகி, சுன்னாகம்

முடியும். பயோஸில் மின்சார முகாமைத்துவப் பகுதியில் ‘ரிஸ்ரோர் ஒன் ஏசி பவர் லொஸ்’ அல்லது ‘ஏசி பக்’ என்ற வரி இருக்கும். நிறுத்தப்பட்டே இரு, எப்போதும் இயங்கு, இறுதியாக இருந்த நிலைக்குப் போ என்ற மூன்றில் இரண்டாவது உங்களுக்கு உகந்தது. ‘ஈஆர்பி’ என்ற மின்சேமிப்பு அமைப்புத் திறந்திருந்தால் சில பலகைகளில் இது வேலைசெய்யாது, அதை மூடுங்கள். ஒரு எச்சரிக்கை: நம் ஊரில் மின்சாரம் திரும்பும்போது ஒரே தடவையில் வந்து நிலைப்பதில்லை, இரண்டு மூன்று முறை வெட்டி வெட்டி வரும். ஒவ்வொரு வெட்டிலும் வட்டு பாதியில் தொடங்கிப் பாதியில் நிற்கும். எனவே இந்த அமைப்பை யூபிஎஸ் இல்லாத கணினியில் செய்யவேண்டாம்.

3200 என்று எழுதிய ராம் வாங்கினேன். கணினி 2133 என்று காட்டுகிறது. ஏமாற்றப்பட்டேனா? – வாசகர், காரைநகர்

இல்லை. டிடிஆர்4 ராம், எல்லாப் பலகைக்கும் பொருந்தும் பொதுவேகத்திலேயே முதலில் தொடங்கும். தயாரிப்பாளர் உறுதியளித்த வேகம் ராம் தட்டில் தனிப் பதிவாக இருக்கும். பயோஸில் ‘எக்ஸ்எம்பி’ என்பதைத் தெரிந்தால் அது நடைமுறைக்கு வரும். மலிவான பலகைகளிலும் பல மடிக்கணினிகளிலும் அந்தத் தெரிவு இருக்காது; முறைவழியாக்கி தாங்கும் வேகமும் எல்லையாகும்.

பயோஸைப் புதுப்பித்தால் கணினி வேகமாகும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். செய்யலாமா? – வாசகர், நல்லூர்

வேகத்துக்காகச் செய்யவேண்டாம். புதிய முறைவழியாக்கி பூட்டப்போகிறீர்கள், பாதுகாப்புக் குறைபாடு ஒன்றுக்குத் திருத்தம் வந்திருக்கிறது, அல்லது நீங்கள் படும் தொல்லையின் பெயரே புதுப்பிப்புக் குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்றால் செய்யுங்கள். பலகையின் பெயரை மட்டுமல்ல, பலகையில் அச்சிட்ட திருத்த எண்ணையும் பார்த்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே கோப்பை எடுக்கவேண்டும்.

இந்தச் சில்லில் எழுதுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை உலகம் 1999 ஏப்ரில் 26 அன்று பார்த்தது. தைவானில் 1998 இல் எழுதப்பட்ட சிஐஎச் என்ற நச்சுநிரல் அன்று விழித்து, தொற்றிய கணினிகளின் வட்டுத் தகவலை அழித்ததுடன், இடங்கொடுத்த பலகைகளில் பயோஸின் மீதும் குப்பையை எழுதியது. அப்படி ஆன கணினியைப் போட்டால் திரையில் ஓர் எழுத்தும் வராது. முதல் கட்டளையே இல்லை அல்லவா.

எனக்கு நச்சுநிரல் தேவைப்படவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலையில், நண்பர் ஒருவரின் மேசைக்கணினிக்குப் புதுப்பிப்புப் போட்டேன். யூபிஎஸ் இருந்தது, ஆனால் அதன் பற்றரி பழையது என்று தெரிந்தும் சரிபார்க்கவில்லை. கோடு அறுபது சதவீதம் தாண்டியபோது வீதி முழுவதும் இருண்டது. யூபிஎஸ் ஒருமுறை முனகிவிட்டு நின்றது. மின்சாரம் வந்தபின் விசிறி சுழன்றது, திரை சுழியம். பலகையில் இரட்டைச் சில்லும் இல்லை, யூஎஸ்பியிலிருந்து தானே மீட்கும் வசதியும் இல்லை. கடைசியில் நகரத்தில் கைபேசி திருத்தும் தம்பி ஒருவர், எட்டுக் கால் சில்லின்மீது கவ்வி ஒன்றைப் பூட்டி, தன் மடிக்கணினியிலிருந்து நிலைபொருளை நேரடியாக எழுதித்தந்தார். எழுத எடுத்தது சில நிமிடங்கள். சில்லின் முதற்காலைக் காட்டும் புள்ளி எந்த மூலையில் இருக்கிறது என்று உருப்பெருக்குக் கண்ணாடியால் தேடியதுதான் நேரம். எழுதும் முன்னர், சேதமான சில்லில் எஞ்சியிருந்ததையும் படியெடுத்து வைத்தார். பலகையின் தொடரெண்ணும் வலைப்பின்னல் முகவரியும் அதற்குள் இருந்தன.

புதுப்பிப்பதானால் முதலில் இப்போதுள்ள அமைப்புகளின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுங்கள்; புதுப்பித்ததும் அவை ஆலைநிலைக்குத் திரும்பக்கூடும். மடிக்கணினியாயின் பற்றரி நிறைந்தும் மின்னிணைப்பு பூட்டியும் இருக்கவேண்டும். மேசைக்கணினியாயின், யூபிஎஸ்ஸில் அதைப் பூட்டி இயங்கவிட்டு, சுவர் ஆளியை நீங்களே பத்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். அது தாங்கினால் ஆளியைப் போட்டு, யூபிஎஸ் மறுபடி முழுமையாக ஏறும்வரை காத்திருந்து தொடங்குங்கள்.